மாமாவின் இஞ்சினியர் மருமகன்

வேலையை விட்டு வருடங்கள் ஆன பிறகும் என் மாமனார் என்னை ஆட்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, "எங்கட மூத்த மருமவன், இஞ்சினியர்" என்றுதான் சொல்லுவார். நான் அந்த நேரம் முற்றத்துக் கொட்டகையில் ஒரு மரவாத்துக்கு வால் பொருத்திக்கொண்டிருப்பேன். வந்தவர் வாத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், பிறகு மாமாவைப் பார்ப்பார். மாமா கண்ணிமைக்காமல், "காத்தாடியில வேலை" என்று மேலும் ஒரு ஆணி அடித்துவிட்டு உள்ளே கூட்டிப் போய்விடுவார்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம். வாத்தைத் தூக்கி எறியலாம் போல வரும். ஆனால் அந்த வாத்துக்குத் தலை ஆடுகிற விதத்தைச் சரிக்கட்ட ஒரு மாதம் போயிருக்கும், எறிய மனம் வராது.

நான் பொய்யாக இஞ்சினியர் ஆனவன் இல்லை. கற்பிட்டிப் பக்கம் கடலோரமாக நின்று மின்சாரம் எடுக்கிற பெரிய காற்றாடிகளில் பராமரிப்பு வேலை பார்த்தவன். கோபுரத்துக்குள் ஏணியால் ஏறி உச்சிக்குப் போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழியாக விரிந்த களப்பு, நடுவில் ஒடுக்கமாக நம்முடைய நிலம். முதல் தடவை ஏறியபோது கம்பியை விட்டுக் கையெடுக்கவில்லை. பிறகு பழகிவிட்டது, மேலே இருந்து வீட்டுக்குப் போனில் கோல் எடுத்து மீன் வாங்கியாச்சா என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

காற்று பலமாக அடித்தால் ஏறக்கூடாது என்பது விதி. எங்கள் கரையில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் கிழமைக் கணக்கில் அடங்காது. ஆக, காற்றாடி இஞ்சினியருக்குக் காற்றடித்தால் வேலையில்லை. கீழே கொட்டிலில் உட்கார்ந்து சும்மா தேத்தண்ணி குடித்துக் குடித்து வயிறுதான் புண்ணானது. அப்படி ஒரு நாள் சலிப்பில், வெட்டித் தள்ளிய பிளாஸ்டிக் குழாய், சைக்கிள் கம்பி, போத்தல் மூடி எல்லாவற்றையும் பொறுக்கி மகளுக்கு ஒரு வண்டி செய்தேன். முன்னால் ஒரு விசிறி, கீழே மூன்று சில்லு. விசிறி பல தடவை சுற்றினால் சில்லு ஒரு தடவை மெதுவாகச் சுற்றும்படி பல்லுச் சக்கரம் கோத்தேன். இதில் விசேஷம் ஒன்றுதான்: காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்தை நோக்கியே வண்டி ஓடும்.

நம்பாதவர்கள்தான் கூட. மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் அதை விட்டபோது, வலை உதறிக்கொண்டிருந்த ஒரு மீன்காரர் எழும்பி வந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, வாயில் வெற்றிலை. வண்டி அவருடைய காலைத் தாண்டிக் காற்றின் முகத்துக்கு நேரே ஊர்ந்து போனது.

"தம்பி, பெட்டரிய எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"பெட்டரி இல்ல அண்ண. காத்துத்தான்."

"காத்து இங்கால தள்ளுது, இது அங்கால போகுது. ஆருக்குக் கத சொல்ற?"

வண்டியைத் தூக்கிக் கவிழ்த்தார், குலுக்கினார், காதில் வைத்துப் பார்த்தார். கடைசியில் கீழே விட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடந்து போனார். வலை அப்படியே கிடந்தது. அரை மணி நேரம் கழித்து வந்து, "என்ட ஆயுசுக்கும் இந்தக் காத்தோட மல்லுக்கட்டிக் கெட்டனான். இது லேசாப் போகுதே" என்றார். அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குள் என்னமோ ஆனது. காற்றாடி எத்தனை வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தாலும் ஒருவரும் அதன் பின்னால் இப்படி நடந்து போய் நான் கண்டதில்லை.

பிறகு என்னைக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். கந்தோரில் உட்கார்ந்து கம்பியூட்டரில் காற்றாடிகளைக் கண்காணிக்கிற வேலை. சம்பளம் கூட, கதிரை நல்லது. நான் மாட்டேன் என்றேன். மனைவி ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அவள் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவள், சும்மா உணர்ச்சிவசப்பட மாட்டாள். எட்டாம் நாள் வந்து, "ஒரு வருஷம் பாப்பம். என்ட சம்பளம் இரிக்கிதானே. ஆனா அழுமூஞ்சியோட மட்டும் திரிய வேணாம்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய அனுமதி.

விளையாட்டுச் சாமான் செய்வது லேசு என்று நினைத்தேன். என் படிப்பே எனக்கு எதிரி ஆனது. காற்றாடியில் ஒரு திருகாணிச் சுரையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, ஒரு மயிர் இடம் விடக்கூடாது. அதே புத்தியோடு வண்டிகளைச் செய்தேன். மேசையில் கண்ணாடி மாதிரி ஓடின. கடற்கரைக்குக் கொண்டு போனால் ஒரு மணல் துகள் அச்சில் புகுந்ததும் நின்றுவிட்டன. "வாப்பா, இதுவும் மௌத்தாப் போச்சு" என்று மகள் செத்த குருவி மாதிரி ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து தந்தாள். மணல் போகாமல் மூடி போட்டேன், எண்ணெய் விட்டேன், எண்ணெயில் இன்னும் கூட மணல் ஒட்டியது. கடைசியில் ஒரு நாள் எரிச்சலில் துளையைப் பெரிதாகக் குடைந்து, அச்சை லொடலொடவென்று தொங்க விட்டேன். மணல் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்தது. வண்டி ஓடியது. குழந்தை கையில் போகிற சாமானுக்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதிலிருந்து ஒட்டுப் பசையும் ஆணியும் எனக்கு ஹராம். எல்லாம் கழற்றிப் பூட்டக்கூடியது. "உடைஞ்சிட்டு" என்று சண்டைக்கு வருகிற தாய்மாருக்கு, "உடையல்ல, கழண்டிருக்கு" என்பேன். பக்கவாட்டில் சரிவில் இறங்குகிற நண்டு, தலையாட்டி வாத்து என்று ஒவ்வொன்றாக வந்தன. என் மிருகங்களுக்குக் கண் கிடையாது. எங்கள் ஆட்களில் சிலர் உருவத்துக்குக் கண் வைத்தால் வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். தேவாலயத் திருவிழாவில் கடை போட்டால், "ஐயோ, வாத்துக்குக் கண் தெரியாதா?" என்று பிள்ளைகள் அழுகிறார்கள். நான் ஒவ்வொரு வாத்தோடும் ஒரு துண்டுக் கரிக்கட்டியைக் கட்டி விட்டேன். கண் வேண்டியவர் வைத்துக்கொள்ளட்டும், வேண்டாதவர் அதைக்கொண்டு பல் தீட்டட்டும். பாலர் பாடசாலைகள் வாங்கின. கற்பிட்டிக்குக் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் வண்டியை வாங்கிப் போனார்கள். சோறு கிடைத்தது. மற்றவர்கள் என்னைக் கிறுக்கன் என்றார்கள், அது பரவாயில்லை. மாமாதான் என் தொண்டையில் சிக்கிய முள்.

எங்கள் ஆட்களில் பெரும்பாலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவான். நானும் அப்படி மாமாவுடைய வீட்டுக்கு வந்தவன். மாமா மன்னாரில் கடை வைத்திருந்தவர். தொண்ணூறில் இயக்கக்காரர்கள் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டு எழும்பிப் போகச் சொன்னபோது மாமியையும் நாலு வயது மகளையும் தோணியில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர். அந்த நாலு வயதுக்காரிதான் என் மனைவி. அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் வருடக் கணக்காக இருந்து, உப்பளத்தில் மூட்டை சுமந்து, கற்பிட்டிக்குக் கொஞ்சம் தள்ளி இந்த வீட்டைக் கட்டி முடித்தார். இளைய மகள் முகாமில் பிறந்தவள். மூத்தவளுக்கு இஞ்சினியர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று என்னைத் தேடிப் பிடித்தவரும் அவர்தான்.

நான் வேலையை விட்டபோது ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பிக் கதைத்து முடித்திருப்பேன். முற்றத்தில் கொட்டகை போட இடம் தந்தார். ஆனால் ஒரு நாளும் அதற்குள் கால் வைக்கவில்லை. வெளியில் எல்லாருக்கும் நான் இஞ்சினியர். இந்த மனிதர் என்னை நினைத்து வெட்கப்படுகிறார் என்று எனக்கு விளங்கியது. ஒருவர் என்னைப் பார்த்து வெட்கப்படுகிற வீட்டில் நான் எப்படிச் சோறு தின்பது? அது என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கையில் இளையவளுக்குக் கற்பிட்டியிலிருந்து கலியாணம் பேசி வந்தார்கள். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மாமா முதல் தடவையாகக் கொட்டகைக்குள் வந்தார். உட்காரவில்லை. ஒரு சில்லை எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"மகன், ஒண்டு கேக்கணும். நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இதெல்லாத்தையும் மூடி வெச்சிருங்க."

"என்னத்துக்கு மாமா?"

"இஞ்சினியர் எண்டு சொல்லிட்டன்."

என் வாயில் வந்ததைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு மனைவியிடம் போய்க் கத்தினேன். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் எண்டு சொல்லுவாங்க. அதுல நான் எத்தினையாவது பொய்?"

"நீங்க கத்துறது வாப்பாக்குக் கேக்குது."

"கேக்கட்டும். இந்தக் கலியாணம் முடிய நாங்க வாடக வீட்டுக்குப் போறம். எனக்கு ஏலாது."

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "வாப்பாவ விட்டுட்டுப் போகச் சொல்றீங்க," என்றாள். "சரி. நீங்க கூப்பிட்டா வருவன். ஆனா சந்தோசமா வருவன் எண்டு மட்டும் நெனக்க வேணாம்." அவள் அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது. ஆனாலும் நான் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை, வீடு பார்க்கத் தரகரிடம் சொல்லியும் வைத்தேன்.

மறுநாள் பழைய படுக்கை விரிப்புகளால் கொட்டகையை மூடினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பது இதுதான். ஆட்கள் வந்தார்கள். இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தோம். மாப்பிள்ளையின் வாப்பா தாடி நரைத்த, குரல் கனத்த மனிதர், கற்பிட்டியில் வலைச் சாமான் கடை வைத்திருக்கிறார். "மருமவன் காத்தாடியில இஞ்சினியராமே?" என்று என்னைக் கேட்டார். மாமா தரையைப் பார்த்தார். "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு நாக்குக் கசந்தது.

அல்லாஹ்வுடைய வேலையைப் பாருங்கள், சரியாக அந்த நேரம் காற்று எழும்பியது. விரிப்பு மேலே கிளம்பி, உள்ளே இருந்த வண்டிகளுடைய விசிறி எல்லாம் ஒன்றாகச் சுற்றத் தொடங்கின. கொர்ர்ர் என்று ஒரே சத்தம்.

"என்ன அது?" என்றார் விருந்தாளி.

"தேங்காய் துருவுற மிசின்," என்றார் மாமா.

கடை வைத்த காலத்தில் தராசில் ஒரு கிராம் குறைய வைக்காத மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவி கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவுடைய காது மட்டும் சிவந்து போயிருந்தது. அதைக் கண்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்களுக்கு எல்லாம் பிடித்துப் போனது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப் போனது. நிகாஹ்வுக்கு நாளும் பார்த்தாயிற்று. போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் வாப்பா என் தோளில் கை போட்டு, "என்ட இளைய மவனும் மெக்கானிக் படிப்புத்தான் படிச்சிரிக்கிறான். உங்கட காத்தாடியில ஒரு எடம் பாத்துக் குடுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "அதுக்கென்ன, இன்ஷா அல்லாஹ்" என்றுவிட்டார்.

பிறகு தொடங்கியது ஆட்டம். அந்த மனிதர் ஓயாமல் கோல் எடுத்தார். நான் பழைய கூட்டாளிகளைக் கேட்டுப் பார்த்தேன், ஆள் எடுக்கவில்லை என்றார்கள். மாமா கோல் மணி அடித்தாலே எழும்பி வெளியே போவார். சாப்பாடு குறைந்தது. "நான் போய் உள்ளதச் சொல்றன் மாமா" என்றேன். "சொன்னாக் கலியாணம் நிண்டுரும், மகன்" என்றார். புலிவாலைப் பிடித்த கதைதான், விடவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

கடைசியில் அவரே விட்டார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர் சோற்றைத் தொடவில்லை. "மகன், ஓட்டோ ஒண்டு கூப்பிடுங்க. கற்பிட்டிக்குப் போவம்" என்றார். வழி முழுக்க தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே வந்தார்.

சம்பந்தி வீட்டில் எங்களை உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார்கள். மாமா சுற்றி வளைக்கவில்லை, மரியாதைக்கு 'நானா' என்று அண்ணன் முறை வைத்துத் தொடங்கினார்.

"நானா, நான் உங்கள்ட்டப் பொய் சொல்லிட்டன். என்ட மருமவன் காத்தாடியில இல்ல, எப்பவோ விட்டுட்டார். விளையாட்டுச் சாமான் செய்றார். அண்டைக்குக் கேட்டது தேங்காய் துருவுற மிசினும் இல்ல."

அந்த மனிதர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நான் வேல கேட்டுக் கேட்டுக் கோல் எடுக்கக்குள்ள நீங்க சிரிச்சிட்டு இருந்தீங்களா?"

"சிரிக்கல்ல நானா. நித்திர கொள்ளல்ல."

உள்ளே பெண்களுடைய பேச்சு நின்றுவிட்டது. பிறகு அவர் சொன்னார்: "கலியாணம் நிக்காது. ரெண்டு புள்ளைகளும் மனசு வெச்சிட்டாங்க, அத ஒடைக்க நான் யாரு? ஆனா ஒண்டு கேக்கணும். மருமவன் களவெடுக்கல்ல, குடிக்கல்ல. என்னத்துக்கு மறைச்சீங்க? வெக்கமா?"

வருடக் கணக்காக நான் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை வேறொருவர் வாயால் கேட்டேன். மாமா "ஓம்" என்று சொன்னால் நாளைக்கே மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டுப் போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். அவருடைய முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வெக்கமில்ல," என்றார் மாமா. "பயம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, சம்பந்தியையும் பார்க்கவில்லை. கையிலிருந்த தஸ்பீஹைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"கட நெறயச் சாமான் இருந்திச்சு. விட்டுட்டுப் போ எண்டாங்க. ஒரு மூட்டயத் தூக்கிட்டுத் தோணிக்குப் போனன். பாரம், எறக்கு எண்டாங்க. எறக்கினன். எங்களோட வந்ததுல ஒரு டொக்டர் இருந்தார், ஒரு மாஸ்டர் இருந்தார். வந்த எடத்தில அவங்களுக்கு ஆக்கள் கதிர குடுத்தாங்க. நான் உப்பு சொமந்தன். படிப்ப மட்டும் ஒருத்தரும் எறக்கி வெக்கச் சொல்ல ஏலாது எண்டு அண்டைக்குத்தான் எனக்கு வெளங்கினது. அதுதான் என்ட புள்ளைக்கு இஞ்சினியர் தேடினன். நாளைக்கு இவங்களையும் எழும்பிப் போகச் சொன்னா? விளையாட்டுச் சாமான் செய்ற மனிசன் யாருக்குத் தேவ நானா? பசிச்சுக் கெடக்கிற எடத்தில அத யாரு கேப்பா?"

இத்தனை வருடமும் நான் வெட்கம் என்று நினைத்து எரிந்துகொண்டிருந்தது, என் மகளும் என் மனைவியும் பட்டினி கிடந்துவிடுவார்களோ என்கிற பயம். அந்தப் பயத்தை நான் எப்படித் தீர்ப்பேன்? எங்களை ஒரு நாளும் எழும்பிப் போகச் சொல்ல மாட்டார்கள் என்று அவரிடம் சத்தியம் பண்ண எனக்கு என்ன உரிமை?

மாப்பிள்ளையின் வாப்பாதான் கதைத்தார். குரலில் இருந்த கனம் இறங்கியிருந்தது.

"உங்கட தோணியள் வந்து எறங்கக்குள்ள நான் கரையில நிண்டனான். அப்ப எனக்குத் தாடி மொளைக்கல்ல. ஊரே சோறாக்கினது. பார்சல் கட்டி ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்தம். பெரியாக்கள் ஒருத்தரும் அவுக்கல்ல. மடியில வெச்சிட்டுக் கடலப் பாத்துட்டு இருந்தாங்க. நாங்க கெஞ்சினம். பள்ளிவாசல் ஆலிம்சா வந்து சொன்னார். கேக்கல்ல. புள்ளைகள் மட்டும் திண்டாங்க. திண்டுட்டு, கரையில கெடந்த ஒடஞ்ச மிதவையக் கயித்தில கட்டி மணல்ல இழுத்துட்டு ஓடினாங்க. கூச்சல் போட்டுச் சிரிச்சாங்க. அவங்க விளையாடுறதப் பாத்த பொறகுதான் பெரியாக்கள் ஒவ்வொருத்தரா பார்சல அவுத்தாங்க."

மாமாவுடைய விரலில் மணி நின்றது. அவர் தலையைத் தூக்கினார். இந்தத் தடவை என்னைத்தான் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"ஓம் மகன்," என்றார். "நானும் அப்பதான் அவுத்தன்."